டிக்கை எடுத்துவிட்டுத் தேடுங்கள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். குற்றாலம் ரோட்டில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்த முதலாளி. அங்கே ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுகிற பேச்சியம்மாள். வடகரையிலிருந்து வந்திருந்த முருகையா. அவருடைய அப்பா இறந்து நாலாவது நாள் அது. அந்த லேபுக்கு ரிப்போர்ட் அடிக்கிற புரோகிராம் எழுதிக்கொடுத்த, எங்கள் ஆபீஸை நடத்துகிற அண்ணாச்சி. பிறகு நான். ஆறாவது ஆள் கிடையாது. டாக்டர் இருந்தார், போலீஸ் வந்தது என்றெல்லாம் பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். அதெல்லாம் கதை. நாங்கள் ஐந்து பேரும், மேஜைமேல் அண்ணாச்சியின் லேப்டாப்பும், முருகையாவின் கையில் ஒரு போனும்தான்.

தென்காசியில் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். போன வாரம், வேலை பார்த்த இடத்தைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அக்கா, புரோகிராம் எழுதுற எடிட்டர்ல எதையாவது தேடினா, பெரிய எழுத்து சின்ன எழுத்து பாக்குற டிக்க எடுத்துட்டுத்தான் தேடணும்னு இங்கன ஏன் எல்லாரும் சண்டைக்கு வாராங்க?" வாயால் சொல்ல எனக்கு அன்று முடியவில்லை. டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். டைப்ரைட்டிங் படித்து, டைப் அடிக்க வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் புரோகிராம் கற்றுக்கொண்டேன். சுபாவத்திலேயே பயந்தவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டுப் பூட்டினால், பூட்டினேனா என்று மறுபடியும் திரும்புவேன். ஆபீஸில் எனக்கு "ரிட்டர்ன் டிக்கெட்" என்று பெயர் வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்குகிற அன்றைக்கு எல்லாரும் ஒரு தடவை எண்ணுவார்கள், தாயி மூன்று தடவை எண்ணுவாள் என்று அண்ணாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று நடந்ததில் என் புத்திசாலித்தனம் என்று எதுவும் இல்லை. இந்த வியாதிதான் இருந்தது.

விஷயம் இதுதான். முருகையாவின் அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. நர்ஸிங் ஹோமில் சேர்த்து, ரத்தத்தை இந்த லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினால் இதயம் நின்றுவிடும். உடனே தெரிந்தால் மருந்து உண்டு. லேபிலிருந்து போன ரிப்போர்ட்டில் மற்றதெல்லாம் இருந்தது. பொட்டாசியம் என்கிற வரிக்கு நேரே மட்டும் வெறுமையாக இருந்தது. டூட்டியில் இருந்தவர்கள், டாக்டர் அந்த டெஸ்டைக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். விடியும்போது அவர் இல்லை.

முருகையா அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்து வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பா ரத்தத்த நீதான டெஸ்ட் பண்ணின?"

"நான்தான்ணே."

"இத பண்ணினியா?" விரலை அந்த வெற்று இடத்தில் வைத்தார்.

"பண்ணினேன். ரொம்பக் கூட காட்டிச்சு. நம்பாம திரும்பவும் ஒருக்க போட்டுப் பாத்தேன். அப்பவும் கூடத்தான். டைப் பண்ணி பிரிண்ட் குடுத்தேன்ணே."

"டைப் பண்ணினா இங்கன எங்க?"

பேச்சியம்மாள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். குற்றால சீசன், ஊரெல்லாம் காய்ச்சல், லேபில் நிற்க இடமில்லை. பிரிண்டரிலிருந்து வந்த காகிதங்களைப் பார்க்காமலே மடித்துக் கவரில் போட்டிருக்கிறாள். மிஷினில் வந்த சின்னச் சீட்டு அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.

லேப் முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். "வே, நீரு ஒண்ணே ஒண்ணு சொல்லும். இந்தப் பிள்ள டைப் பண்ணினத ஒம்ம புரோகிராம் தானா முழுங்குமா?"

அண்ணாச்சி அங்கேயே லேப்டாப்பைத் திறந்தார். அந்த லேபுக்காக நாங்கள் எழுதிய கோப்புகள் முழுவதிலும் பொட்டாசியம் என்ற வார்த்தையைத் தேடினார். ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். நான்கு இடங்கள் வந்தன. முருகையாவுக்கும் விளங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இது டைப் பண்ணுகிற இடம். இது சேமிக்கிற இடம். இது பிரிண்ட் அடிக்கிற இடம். இது பில் போடுகிற இடம். நான்கிலும் தவறில்லை. இதைத் தவிர புரோகிராம் அந்த அளவைத் தொடுகிற இடம் வேறு கிடையாது.

"முழுங்காது" என்றார்.

பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்.

அப்போது பேச்சியம்மாள் செய்ததை நான் மட்டும் பார்த்தேன். மேஜைக்கு அடியில், தொடைமேல், வலதுகை விரல்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். எண்களைத் தட்டுகிற மாதிரி.

லேப் முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "வேலக் கெறக்கத்துல விட்டுப் போச்சுன்னு சொல்லிரு பேச்சி. மனுசங்களுக்கு வாரதுதான. அவரு பெரிய மனசு பண்ணுவாரு."

முருகையா வீடியோ எடுக்கிற மாதிரி போனைத் தூக்கிக் காட்டினார். "இதப் பாத்துச் சொல்லட்டும். எங்க ஆளுக நாலு பேருக்கு நான் பதில் சொல்லணும். பண்ணலேன்னா பண்ணலேன்னு சொல்லட்டும். கேஸு கீஸுன்னு நான் போகல."

"யோசிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டு முருகையா எழுந்தார். நாங்களும் கிளம்பிவிட்டோம். அந்த அறையில் எங்களுக்கு இனி வேலை இல்லை என்று அண்ணாச்சி நினைத்தார்.

இந்த இடத்தில் எங்கள் ஆபீஸின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தச் சம்பவத்தோடு அதை ஒழித்தாயிற்று.

வாடிக்கையாளர் யாராவது தனக்கு மட்டும் என்று வாய்வார்த்தையாக ஒன்றைக் கேட்பார். இன்ன ஆளுக்கு வாடகையைக் குறைத்துக் காட்டு, இன்ன வரியை அடிக்காதே என்கிற மாதிரி. அதைச் செய்து கொடுத்தால் அந்தப் பகுதியை முழுக்கப் பெரிய எழுத்திலேயே எழுத வேண்டும் என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். ஒருமுறை ஒரு பையன் தேவையில்லாதது என்று நினைத்து ஒரு லாட்ஜ்காரர் கேட்டுப் போட்டதை அழித்துவிட்டான். அவர் வந்து வாசலில் நின்று கத்திய கத்தலில் பிறந்த சட்டம் அது. பெரிய எழுத்தில் இருந்தால் வாடிக்கையாளர் சொத்து, கை வைக்காதே. நல்ல எண்ணத்தில் போட்டதுதான்.

ஆனால் வருஷம் ஆக ஆக அந்த மாதிரி தனிச்சலுகைகள் பெருகிவிட்டன. எதைத் தேடினாலும் அவை குறுக்கே வந்து நின்றன. தொடக்கூடாததை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் எடிட்டரில் அந்த டிக்கைப் போட்டுக்கொண்டார்கள். டிக் போட்டால் நாம் எப்படி டைப் பண்ணுகிறோமோ அதே எழுத்தில் இருப்பதை மட்டும்தான் அது காட்டும். ஒருதரம் போட்டால் எடிட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அண்ணாச்சியின் லேப்டாப்பில் அது எப்போது போட்டது என்று அவருக்கே தெரியாது. நாங்கள் எழுதிய மொழியோ பழையது. அதற்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்தே ஓட்டியது. பிரித்துப் பார்த்தது நாங்கள்.

ஆபீஸ் படியேறும்போது என் வியாதி ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, அந்த டிக் இருந்துச்சா?"

"எந்த டிக்?"

"தேடுற பெட்டில."

"ஏ தாயி, ஒனக்கு வீட்ல கேஸு, இங்கன டிக்கா? நாலு எடமும் நீயும் பாத்தல்லா?"

"பாத்தேன். இன்னொருக்க பாத்தா என்ன?"

"பாரு. பாத்துட்டு கேஸையும் போய்ப் பாத்துட்டு வா" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

டிக்கை எடுத்தேன். தேடினேன். ஐந்து.

ஐந்தாவது முழுக்கப் பெரிய எழுத்து. பொட்டாசியம் ஓர் அளவுக்கு மேல் போனால் அதைச் சேமிக்காதே, பிரிண்டும் அடிக்காதே. தனிக்கோப்பு ஒன்றில் பிடித்து வை. லேப் முதலாளி தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சரி என்று அழுத்திய பிறகு வெளியே விடு. அதற்கு மேலே ஒரு குறிப்பு: முதலாளி கேட்டபடி. குறிப்பின் கடைசியில் அண்ணாச்சியின் இனிஷியல்.

அண்ணாச்சி நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இது என் கைதான்" என்றார். "லேப் தொடங்கின புதுசுல கேட்டாரு. பிள்ளைக எண்ணுக்கு நடுவுல புள்ளி வைக்கதுல தப்பு பண்ணிருதுக, பெரிய அளவு வந்தா நான் பாக்காம வெளிய போகக் கூடாதுன்னாரு. சரியாத்தான கேட்டாரு தாயி?"

சரியாகத்தான் கேட்டிருந்தார். சில வருஷம் அவரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அழுத்தியிருக்கிறார். போன வருஷம் அவருக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் ஆள் போய் எல்லாம் ஏற்றிக்கொடுத்தான், அந்தச் சரிபார்க்கும் திரையைத் தவிர. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவனும் டிக் போட்டுத் தேடுகிறவன். அதற்குப் பிறகு எப்போதாவது பொட்டாசியம் கூடி வந்தால் அது நேராக அந்தக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. டாக்டர்கள் போன் பண்ணிக் கேட்பார்கள், பேச்சியம்மாள் வாயால் சொல்லிவிடுவாள். அதனால் யாருக்கும் தெரியவில்லை. முருகையாவின் அப்பாவுக்காக யாரும் போன் பண்ணவில்லை.

கோப்பைத் திறந்தோம். அவர் பெயர் கடைசியில் இருந்தது. பக்கத்தில் பேச்சியம்மாள் டைப் பண்ணிய எண். அவருக்கு மேலே வேறு பெயர்களும் இருந்தன.

அண்ணாச்சி அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "தாயி, இத அழிச்சிட்டா?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். ஒரு உயிர் போனதில் எங்கள் பெயர் வந்தால் தென்காசியில் ஒரு டீக்கடைகூட எங்களிடம் பில் மிஷின் வாங்காது. அது எனக்கும் தெரியும். எனக்கு வேறு வேலையும் தெரியாது, காட்ட ஒரு சர்டிபிகேட்டும் கிடையாது. அவரிடம் எடுத்துச் சொல்லப் பெரிய நியாயம் எதுவும் அப்போது என் வாயில் வரவில்லை.

"அழிக்கலாம் அண்ணாச்சி. ஆனா வீட்டுக்குப் போனா நான் அழிச்சமா அழிச்சமான்னே கெடப்பேன். சாவுற வரைக்கும் கெடப்பேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆமா, நீ கெடப்ப" என்றார். உடனே லேப் முதலாளிக்குப் போன் போட்டார். "ஆளுக இருக்காக, பொறவு பேசுதேன்" என்று அவர் கட் பண்ணினார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. பேச்சியம்மாள் நம்பர் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை. ஒரு லேபுக்கு வருஷக்கணக்காகப் போய் வந்தும், தினமும் எங்கள் புரோகிராமில் உட்காருகிற பிள்ளையின் நம்பர் எங்களிடம் இல்லை.

லேபுக்கு ஆட்டோ பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று வெளியூர்க் காரெல்லாம் அந்த ஒரே ரோட்டில். மேலகரத்தில் ஆட்டோ நின்றது, நின்றதுதான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேன் நிறையப் பையன்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பை நனையாமல் சேலை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தேன். அண்ணாச்சி இறங்கி நடக்கத் தொடங்கினார். அவருக்கு முட்டுவலி. நானும் பின்னாலேயே நடந்தேன்.

நாங்கள் போனபோது முருகையா போய்விட்டிருந்தார். பேச்சியம்மாளும் இல்லை. முதலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிட்டு. சொல்லிட்டா" என்றார்.

அண்ணாச்சி லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் இரண்டு தடவை படித்தார்.

"நானா சொன்னேன்?"

"நீருதான் சொன்னீரு."

"சொல்லிருப்பேன்" என்றார். லேப்டாப்பை மூடி அண்ணாச்சி பக்கம் தள்ளிவிட்டு, "இப்ப என்ன செய்யச் சொல்லுதேரு? அந்தப் பிள்ளயே ஒத்துக்கிட்டா. புரோகிராம சரி பண்ணிட்டுப் போங்க. எதுக்குக் கிண்டுதிய?"

அண்ணாச்சி அவரோடு வாதாடவில்லை. அங்கிருந்தே இன்னொரு ஆட்டோவில் வடகரைக்குப் போனோம். துக்க வீடு. வாசலில் பந்தல் பிரிக்கவில்லை. அண்ணாச்சி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் புரோகிராம்தான், நான் எழுதியதுதான், அந்தப் பிள்ளை டெஸ்ட் பண்ணியிருக்கிறது, இதோ எண். முருகையா அடிப்பார் என்று நினைத்து நான் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் அடிக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அனுப்பிட்டேனே யக்கா" என்றார் என்னிடம். "சொந்தக்கார குரூப்பு, ஊர் குரூப்பு எல்லாத்துக்கும் போயிட்டு. காலேஜ் பயலுக தலப்பு வேற போட்டு விட்டிருக்கானுவ." பிறகு அண்ணாச்சியிடம், "நீங்க சொன்னத திரும்பச் சொல்லுங்க. பிடிச்சிக்கிடுதேன்."

அண்ணாச்சி சொன்னார். முருகையா அதையும் அதே குரூப்புகளில் போட்டார். மனுஷன் வார்த்தை தவறவில்லை. ஆனால் முதல் வீடியோ கேரளா வரைக்கும் போனது. இரண்டாவதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு வயசானவர் கம்ப்யூட்டர் பற்றி என்னவோ பேசுவதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் அண்ணாச்சி அந்தக் கோப்பில் இருந்த மற்றப் பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் பண்ணினார். பலருக்கு டாக்டர் அப்போதே கேட்டுத் தெரிந்து மருந்து கொடுத்திருந்தார். ஒரு வீட்டில் எடுத்த பெண், "அவுக இப்ப இல்லியே" என்றாள். எங்கே போயிருக்கிறார் என்று அண்ணாச்சியால் கேட்க முடியவில்லை. போனை வைத்துவிட்டார்.

நான் மேலகரத்தில் பேச்சியம்மாள் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது இடத்தைப் பற்றிச் சொன்னேன். உன் பேரில் தப்பில்லை என்றேன். தலையாட்டினாள். எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பண்ணாததப் பண்ணலன்னு சொல்லலாம். நீ பண்ணினத ஏம்மா பண்ணலன்னு சொன்ன? மெரட்டுனாரா?"

"இல்லக்கா. யாரும் மெரட்டல." கையில் இருந்த தூக்குவாளியை அலசிக் கவிழ்த்தாள். "அந்த அண்ணாச்சி நாலு எடத்தையும் படிச்சுக் காட்டி, வேற இல்லன்னு சொன்னாருல்லா? அதுக்கு முன்னால வரைக்கும் எனக்கு நல்லா ஞாவகம் இருந்துச்சு. அவரு சொன்ன பொறவு சந்தேகமாயிட்டு. டைப் பண்ணலயோ, பண்ணின மாதிரி நெனச்சிக்கிட்டு இருக்கமோன்னு வந்துட்டு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்லா? அப்ப நான்தான் மறந்திருப்பேன். அதான் சொன்னேன்."

அதுவரை சந்தேகம் என்பது எனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். அன்று நாங்கள் அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அவளுடைய கை செய்த வேலையை அவளே நம்பாதபடி ஆக்க, தேடல் பெட்டியில் ஒரு டிக் போதுமானதாக இருந்தது.

தம்பி, தங்கச்சிகளே, ஒரு வார்த்தையைக் கோப்பு முழுக்க மாற்றும்போது டிக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கறாராக இருப்பது நல்லது. தேடும்போது எடுத்துவிடுங்கள். தேடுகிறவருக்கு, எழுதியவர் எந்த மனநிலையில், எந்தப் பழக்கத்தில், எப்படி எழுதியிருப்பார் என்று தெரியாது. அது தெரிந்தால் தேடவே வேண்டியதில்லையே. தேவையில்லாத பத்து வந்து கண்ணை உறுத்தட்டும், பரவாயில்லை, படித்துத் தள்ளுங்கள். "இல்லை" என்று வந்தால், நீங்கள் கேட்ட விதத்தில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அதை ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால், வேறு விதத்தில் இன்னொருக்க கேளுங்கள். ரிட்டர்ன் டிக்கெட் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த லேப் எங்களை விட்டுவிட்டு வேறு ஆளிடம் புரோகிராம் வாங்கிக்கொண்டது. அதைப் பார்த்து இன்னும் சில வாடிக்கையாளர்களும் எங்களை விட்டுப் போனார்கள். அண்ணாச்சி தாக்குப்பிடித்தார், அதனால்தான் நீங்கள் இன்று அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வீடியோவுக்குப் பிறகு பேச்சியம்மாளை எந்த லேபும் எடுக்கவில்லை. இப்போது தென்காசியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். பில் போடுகிற இடத்துக்கு மாற்றுகிறோம் என்று கடையில் சொன்னதற்கு, டைப் பண்ணுகிற வேலை வேண்டாம் என்றுவிட்டாளாம்.

அவள் கடைசியாக வேலை பார்த்த மாதத்தின் சம்பளத்தை லேப் முதலாளி நிறுத்தி வைத்தார். வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அவள் அந்தப் படியேற மாட்டேன் என்றாள். அண்ணாச்சி தன் கையிலிருந்து கொடுத்தனுப்பியதை இரண்டு முறையும் நான்தான் கொண்டுபோனேன், நான்தான் திருப்பிக் கொண்டுவந்தேன். "இது நீங்க தர வேண்டியது இல்லக்கா. நான் அங்கன வேல பாத்தேன். பாத்தேன்னு அவரு தரணும்" என்றாள்.

அவர் தரவில்லை. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி நிற்கிறது.